கறுப்புக் கண்ணாடியும் களியக்காவிளையும்

'கறுப்புக் கண்ணாடி' என்று தலைப்பைப் பார்த்ததும், ஏதோ அரசியல் வாடை அடிக்கிறதே என்று ஆவலோடு வந்தவர்கள் மன்னிக்கவும். இது எம்.ஜி.ஆர். கண்ணாடி பற்றியும் அல்ல, கலைஞர் கண்ணாடி பற்றியும் அல்ல. கேமரா போட்டுக்கொள்கிற கண்ணாடி பற்றி.

கேமராவுக்கும் கூலிங்கிளாஸ் உண்டு, தெரியுமோ? முழுப் பெயர் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர். புகைப்படக்காரர்கள் சுருக்கமாக 'என்.டி.' என்பார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. லென்ஸின் மூஞ்சியில் திருகி மாட்ட வேண்டியது. சாம்பல் நிறத்தில் ஆரம்பித்து, வெல்டிங் பட்டறைக் கண்ணாடி மாதிரி கன்னங்கரேல் வரைக்கும் பல தினுசில் கிடைக்கிறது. அதன் ஒரே வேலை, உள்ளே போகிற வெளிச்சத்தைக் குறைப்பது.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வரவேண்டும். போட்டோக்காரர் என்றாலே வெளிச்சத்துக்கு அலைகிறவர்தானே? கல்யாண மண்டபத்தில் வெள்ளைக் குடை விரித்து விளக்குப் போடுகிறார். மாப்பிள்ளையை 'கொஞ்சம் லைட் பக்கமா திரும்புங்க சார்' என்று கழுத்து வலிக்கத் திருப்புகிறார். அப்படிப்பட்டவர் காசு கொடுத்து இருட்டை வாங்குவானேன்?

இருட்டைக் கொடுத்து அவர் வாங்குவது நேரத்தை. எப்படி என்று சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஒரு போட்டோ எடுப்பது, தெருக்குழாயில் குடம் பிடிக்கிற மாதிரி. குடம் நிரம்ப வேண்டும், வழியக் கூடாது. லென்ஸின் துவாரம் குழாயின் அகலம். ஷட்டர் என்பது குழாய் திறந்திருக்கிற நேரம். நம்ம ஊர் மத்தியான வெயில் இருக்கிறதே, அது மோட்டார் போட்டு அடிக்கிற தண்ணி. கண்ணிமைப்பதற்குள் குடம் நிரம்பிவிடும். பழைய போட்டோக்காரர்கள் இதற்கு மீட்டர்கூட பார்க்க மாட்டார்கள். 'சன்னி 16' என்று ஒரு வாய்ப்பாடு. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கினால், ஷட்டர் ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு திறந்தால் போதும். முடிந்தது கதை.

ஆனால், அதே வெயிலில் ஷட்டரைப் பத்து செகண்ட் திறந்து வைக்கவேண்டும் என்று ஒருத்தர் ஆசைப்பட்டால்? குடம் வழிந்து, படம் வெள்ளை வெளேர் என்று வெறும் காகிதமாக வரும். அப்போதுதான் என்.டி. வருகிறது. தண்ணியின் வேகத்தைக் குறைக்கிறது.

எவ்வளவு குறைக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிளஸ் டூ-வில் அக்கவுண்டன்சி எடுத்தவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரியும். தேய்மானத்தில் 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று ஒன்று படித்தோமே, அதேதான். ஒரு 'ஸ்டாப்' என்றால் பாதி. அடுத்த ஸ்டாப், மிச்சத்தில் பாதி. மூன்று தடவை பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு. அது என்.டி. 8. ஆறு தடவை என்றால் அறுபத்து நாலில் ஒரு பங்கு. பத்து தடவை என்றால் 1,024-ல் ஒரு பங்கு. கடைக்காரர் அதை முழுசாக்கி என்.டி. 1000 என்று விற்கிறார். (அதே கண்ணாடியின் மேல் 3.0 என்று போட்டிருந்தால் ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது லாகரிதம் கணக்கு. ஒரு ஸ்டாப்புக்கு 0.3.) நூறில் ஒரு பங்கு செகண்டை ஆயிரத்தால் பெருக்குங்கள். பத்து செகண்ட்! பட்டப்பகலில் பத்து செகண்ட் சம்பாதித்தாயிற்று.

சரி, 'நியூட்ரல்' என்று ஏன் பெயர்? நீங்கள் போட்டிருக்கிற பிரவுன் கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சட்டை காப்பிக் கறையாகத் தெரியும். பச்சைக் கண்ணாடி என்றால் உலகமே மாந்தோப்பு. என்.டி. அப்படி இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டும். இந்தக் கலர் வேண்டியவர், அந்தக் கலர் வேண்டாதவர் என்ற பேச்சே கிடையாது. அதனால் 'நடுநிலை'. ஒரு ரகசியம் சொல்கிறேன். விலை மலிவான என்.டி.-யை வாங்கினால் படத்தில் லேசாக ஒரு சாயம் அடிக்கும். சிலது ஊதா, சிலது பழுப்பு. மலிவான நடுநிலை எப்போதுமே ஏதாவது ஒரு சாயம் அடிக்கும். பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. 'அவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, இதை வைத்துக் கிரகணம் பார்க்கலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது! போட்டோ என்.டி. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் நம்பிக்கையாகக் குறைக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அதில் தாராளமாக உள்ளே வரலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகுதான் விஷயம் தெரியும். 2010 ஜனவரி 15-ம் தேதி திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரியிலும் சூரியன் வளையமாகத் தெரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்து 2031 மே 21-ல் தேனி, மதுரைப் பக்கம் அதேபோல் ஒரு வளையம் வருகிறது. அதற்கென்றே செய்த சூரியக் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

என்.டி.-யின் உபயோகத்துக்கு வருவோம். சினிமாக்காரர்களுக்கு இது உப்பு மாதிரி, இல்லாமல் சமையல் இல்லை. சினிமா கேமரா செகண்டுக்கு 24 படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் 48-ல் ஒரு பங்கு செகண்ட் திறந்தால்தான் திரையில் நடை இயல்பாக இருக்கும். அதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கதாநாயகி முகம் பளிச்சென்றும் பின்னால் தென்னந்தோப்பு கலங்கலாகவும் வேண்டுமென்றால் துவாரத்தையும் அகலமாகத் திறந்தாக வேண்டும். எஃப் 2.8 என்று வையுங்கள். மத்தியான வெயிலில் குடம் 64 மடங்கு வழியும். ஆறு ஸ்டாப் என்.டி. போட்டால்தான் காட்சி நிற்கும். இன்று கல்யாண வீடியோ எடுக்கும் பையன்கள்கூட லென்ஸில் ஒரு வளையத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறார்களே, அதுவும் இதுதான். திருகத் திருக இருட்டு கூடும். ரொம்பத் திருகினால் படத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு விழும். பேராசைக்குத் தண்டனை!

இயற்கைக் காட்சிக்காரர்களுக்கோ அருவிதான் குலதெய்வம். களியக்காவிளைப் பக்கம் போனால் திற்பரப்பு அருவியில் இவர்களைப் பார்க்கலாம். கோதையாறு பாறையில் இறங்குகிற இடத்தில் மூன்றுகால் ஸ்டாண்டை நட்டு, என்.டி. மாட்டி, தவம் கிடப்பார்கள். படத்தில் தண்ணி தண்ணியாக வராது. பாறை மேல் வேட்டி காயப்போட்ட மாதிரி, பஞ்சு மிட்டாய் பிரித்த மாதிரி வரும். ஓடுவது எல்லாம் கரைந்துபோகும், நிற்பது மட்டும் நிற்கும்.

தண்ணிக்கு நடப்பதுதான் மனுஷனுக்கும்.

இதற்கு வயசு ரொம்ப. 1838-ல் டாகேர் என்கிற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படம் எடுத்தார். என்.டி. எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து பிளேட் அவ்வளவு மந்தம். வெயிலிலேயே சில நிமிஷங்கள் திறந்து வைக்க வேண்டும். வண்டியும் குதிரையும் ஜனமும் போய்க்கொண்டிருந்த வீதி, படத்தில் வெறிச்சென்று வந்தது. ஒரே ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு மனிதர். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதால் தப்பித்தார். பாலிஷ் போட்டவரும் கலங்கலாகக் கொஞ்சம் தெரிகிறார். கேமராவில் முதன்முதலில் விழுந்த மனிதர்கள் இவர்கள்தான் என்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. இன்றைய டிஜிட்டல் சென்சார் அவசரக்காரன். அவனைப் பிடித்து டாகேர் காலத்து மந்தத்துக்குக் கொண்டுபோவதுதான் என்.டி.-யின் தொழில்.

படித்திருந்தேனே தவிர, இதை நான் கண்ணால் பார்த்தது களியக்காவிளையில். எல்லை ஊர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் போயிருந்தோம். நாகர்கோவில்காரரான புகைப்பட நண்பர் கூட வந்தார். களியக்காவிளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேரளாவுக்குப் போகிற தமிழ்நாட்டின் கடைசி ஊர். கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் ஊர். ஒரே ரோட்டில் நம்ம அரசு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் தோளோடு தோள் உரசும். ஒரே கடைப் பலகையில் தமிழும் மலையாளமும் இருக்கும். ஒரே வாக்கியத்திலும் இரண்டும் இருக்கும்! மத்தியானம் பன்னிரண்டரை. சந்தைப் பக்கம் ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று வாழைக்குலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கால் வைக்க இடமில்லை.

நண்பர் ஒரு கடைத் திண்ணையில் ஸ்டாண்டை நட்டார். முதலில் படத்தைக் கட்டம் கட்டி, ஃபோகஸ் செய்து பூட்டினார். கறுப்பை மாட்டிய பிறகு வியூஃபைண்டரில் ஒன்றுமே தெரியாதாம். அப்புறம் என்.டி. 1000. அதன் மேலேயே ஒரு என்.டி. 8. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறில் ஒன்று, ஆயிரத்தால் பெருக்கினால் பத்து செகண்ட், எட்டால் பெருக்கினால் எண்பது செகண்ட். ஷட்டரைத் திறந்துவிட்டு இருவரும் நன்னாரி சர்பத் குடித்தோம்.

படம் வந்தது. எனக்குப் பகீர் என்றது. "என்னங்க இது, ஹர்த்தாலா?" என்றேன். கடைகள் இருந்தன. பெயர்ப் பலகைகள் இருந்தன. குவித்து வைத்த குலைகள் இருந்தன. ஜனம் மட்டும் இல்லை. நாற்பது செகண்ட் நின்றுவிட்டுப் போன ஒரு பஸ், பாதி ஆவியாக நின்றது. அதன் வயிற்றுக்குள் பின்னாலிருந்த மருந்துக்கடை தெரிந்தது. ஓரத்தில் கீரை விற்ற ஒரு பாட்டி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்த கைகளைக் காணோம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சுமட்டுக்காரர், தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த எண்பது செகண்டில் லாரிக்கும் கடைக்கும் நடுவே கேமராவுக்கு முன்னால் குலை சுமந்து போய் வந்தவர். திரையை எட்டிப் பார்த்தார்.

"சாரே, இதில நான் எங்க?"

"நீங்க நடந்துக்கிட்டே இருந்தீங்கல்லா அண்ணாச்சி, அதான் விழல. இதில நின்னாத்தான் விழும்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தபடியே கேட்டார். "நின்னா கூலி ஆரு தருவா?"

நண்பருக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. கணக்கு மட்டும் மனசில் ஓடியது. ஓர் இடத்தை அவர் கடக்க இரண்டு செகண்ட். எண்பதில் இரண்டு, அதாவது நாற்பதில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அது புகைகூட இல்லை. கண்ணாடி அவருக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை. கடைக்குக் கொடுத்த அதே பங்கைத்தான் அவருக்கும் கொடுத்தது. ஆனால் கடை எண்பது செகண்டும் நின்று வாங்கிக்கொண்டது. அவருக்கு நிற்க வசதியில்லை.

இதே ரோட்டில், 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் படம் எடுத்திருந்தால், லாரிகள் ஜோராக விழுந்திருக்கும். வணிகவரிச் சோதனைக்காக எல்லையில் வரிசையாக அவை காத்துக் கிடந்த காலம் அது. அவற்றை நிற்க வைத்தது வசதி அல்ல, வரி. ஆக, ஒரு படத்தில் யார் தெரிகிறார்கள் என்பதில், யாரை எது நிற்க வைத்தது என்ற கதையும் இருக்கிறது.

நண்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு ஃபில்டரையும் கழற்றிவிட்டு, நூறில் ஒரு பங்கு செகண்டில் சுமட்டுக்காரரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். முகம், மீசை, வியர்வை எல்லாம் துல்லியம். அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதில நான் சும்மா நிக்க மாதிரில்லா இருக்கு!"

நியாயம்தானே? ஒரு குலையைத் தலையில் வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது தடவை நண்பர் என்.டி. 8-ஐ மட்டும் மாட்டினார். பன்னிரண்டில் ஒரு பங்கு செகண்ட். ஸ்டாண்டை மடக்கி என் கையில் கொடுத்தார். கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, சுமட்டுக்காரர் போகிற வேகத்துக்கே, அவர் போகிற திசையிலேயே உடம்பைத் திருப்பிக்கொண்டு எடுத்தார். 'பேனிங்' என்பார்கள். ஏழெட்டுப் படம் வீணாகப் போனது. ஒன்று வாய்த்தது. அதில் கடையும் சுவரும் பெயர்ப் பலகையும் ஆற்றுத் தண்ணி மாதிரி கோடு கோடாக ஓடின. நடுவில் குலையும் முகமுமாக அவர், கால் மட்டும் காற்றாக.

நீளமாகப் பார்த்தார். "இப்பம் ரோடாக்கும் ஓடுது, நான் நிக்கேன். கொள்ளாம்!" என்றார். அடுத்த குலைக்குப் போய்விட்டார்.

ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே ஆள். கேமரா அசையாமல் நின்றபோது அவர் இல்லாமல் போனார். அது அவர் கூடத் திரும்பியபோது அவர் இருந்தார். இருட்டு எவ்வளவு என்பதில் பாதி விஷயம். கேமரா யார் பக்கம் திரும்பியது என்பதில் மீதி.

அதே சாலையில் இன்னொரு பெண்ணின் ஞாபகம் எனக்கு வந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி வரை இங்கே எல்லையே கிடையாது, இரு பக்கமும் திருவிதாங்கூர். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் இன்று கொண்டாடுகிற ஜே.சி.டேனியல், கடைசிக் காலத்தைக் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் கழித்து 1975-ல் இறந்தவர். 1920-களின் கடைசியில் சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். அதன் கதாநாயகி பி.கே.ரோசி. தலித் பெண். உயர்சாதி நாயர் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காதவர்கள் திருவனந்தபுரம் தியேட்டரில் ரகளை செய்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டிவந்தது. ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் வந்தார், அந்த லாரியை ஓட்டியவரையே மணந்துகொண்டார், ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார் என்று சொல்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரோடு என்றால் களியக்காவிளை ரோடுதான்.

படத்தின் பிரதி இன்று இல்லை. 'இதுதான் ரோசியின் முகம்' என்று சந்தேகமில்லாமல் காட்ட ஒரு ஸ்டில்கூட இல்லை. 2023 பிப்ரவரி 10-ம் தேதி கூகுள் தன் முகப்பில் ரோசியின் சித்திரத்தைப் போட்டு மரியாதை செய்தது. போட்டோ அல்ல, சித்திரம். டேனியலுக்கும் வாழும் காலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு உதவித்தொகை மறுத்தது. எல்லைக் கோடு போட்டவர்கள் நடுநிலையாகத்தான் போட்டிருப்பார்கள். 1992-லிருந்து அவர் பெயரில் அதே கேரளம் விருது கொடுக்கிறது.

ஓட வைக்கப்பட்டவர்கள் படத்தில் விழுவதில்லை. விழவில்லை என்பதற்காக அவர்கள் அந்த வழியாகப் போகவில்லை என்று ஆகிவிடாது.

'நாங்கள் நடுநிலை' என்று என் தொழிலிலும் அடிக்கடி சொல்லிக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு வெளிச்சம். நல்ல கொள்கைதான். ஆனால் நின்று பேட்டி கொடுக்க நேரம் இருப்பவர்தான் அதிலும் விழுகிறார். குலை சுமக்கிறவரிடம் நாங்கள் மைக்கை நீட்டும்போது அவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார். கண்ணாடியை மாற்றினால் இது சரியாகாது. ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு, அவர் போகிற பக்கம் கொஞ்ச தூரம் கூட நடக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை ஏதாவது காலண்டரிலோ செல்போனிலோ ஒரு தெருவின் படம் வரும். ஆளே இல்லாமல், அழகாக, அமைதியாக இருக்கும். (செல்போன்கூட இப்போது வரிசையாகப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, என்.டி. இல்லாமலே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.) 'அடடா' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கேளுங்கள். எண்பது செகண்ட் என்று பதில் வந்தால், அந்தத் தெருவில் ஏகப்பட்ட கூட்டம் என்று அர்த்தம்.